கழையும் தூண்டிலும்: நீலகிரி டிரவுட் மீனின் வரலாறும் சில சொற்களும்

மீன்பிடித்தல் என்றவுடன் தமிழ் பயின்றவர் மனத்தில் நெய்தல் திணையே எழுகிறது. பரதவர், திமில், வலை, உப்பங்கழி, புன்னை நிழலில் உலரும் மீன் என்று வகுப்பறையில் பழகிய காட்சிகள் அவை. மலையோடையில், உடல் நடுங்கும் குளிரில், இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய்யீயை எறிந்து மீன்பிடிக்கும் கலை ஒன்று தமிழ்நிலத்தின் உச்சியில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்திருக்கிறது என்று சொன்னால், மாணவர் பலர் நம்பத் தயங்குவர். அந்தக் கலை ஆங்கிலேயருடையது. மீனும் அயல்மீன். ஆயினும் அது நடந்த நிலம் நம் நூல்கள் குறிஞ்சி என்று வகுத்த நிலம். அதற்கு வேண்டிய பொருள்களுள் சில, மீன் வருவதற்கு முன்பே நம் காடுகளிலிருந்து கப்பலேறின. அதைப் பற்றிப் பேசத் தமிழில் என்ன சொற்கள் இருந்தன, எவை இல்லை என்பது மொழியியலார் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. இவ்வுரை அந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க முயல்கிறது.

முதலில் தூண்டில் என்னும் சொல். விளக்கின் திரியைத் தூண்டுகிறோம், ஆளைத் தூண்டிவிடுகிறோம். அதே வினையடியிலிருந்து பிறந்தது தூண்டில். ஆங்கிலத்தில் இக்கருவிக்கு வழங்கும் பழம்பெயர் வளைவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தமிழ்ப் பெயரோ கருவியின் வடிவத்தைக் குறிக்கவில்லை. அது மீனுக்குச் செய்யும் செயலைக் குறிக்கிறது. மலையாளத்தில் இச்சொல் சூண்ட என்று வழங்குகிறது. கன்னடமும் தெலுங்கும் காள, காலமு என்று வேறு சொல்லை ஆள்கின்றன. ஆகவே இது தென்திராவிட மொழிகளுள்ளும் தமிழ், மலையாளம் ஆகிய இரண்டும் நெருங்கிநிற்கும் ஓரிடம்.

சங்க இலக்கியத்தில் தூண்டில் வருமிடங்களுள் இரண்டை ஆசிரியர்கள் வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டலாம். ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்கே பாண்மகன் ஒருவனின் கருவிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இரை வைத்த தோற்பை, நீண்ட மூங்கிற்கோல், முறுக்கிய கயிறு, வளைந்த வாயையுடைய இரும்பு முள் ஆகியவை அவை. வாளைமீன் இரையைக் கவ்வித் தப்பிவிடுகிறது. தப்பிய மீன் பின்னர் நீரோரத்துப் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் அஞ்சுகிறது. ஒருமுறை முள்பட்ட மீன் நிழலுக்கு அஞ்சும் என்பதை இங்கிலாந்தின் தூண்டில் நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைக்கின்றன. சூரியனை முதுகுக்குப் பின்னே வைக்காதே, கரையோரம் குனிந்து நட, கோலின் நிழல் நீரில் விழவிடாதே என்பன அவற்றின் முதற்பாடங்கள். உருத்திரங்கண்ணனார் அதை மீனின் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லிவிட்டார்.

மற்றொன்று குறுந்தொகையின் 54ஆம் பாட்டு. இதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் அமைத்த உவமையையே பெயராக்கி மீனெறி தூண்டிலார் என்று தொகுத்தோர் வழங்கினர். தினைப்புனம் காப்போர் கவண்கல் எறியும் ஓசை கேட்டு வெருவிய காட்டு யானை, தான் வளைத்துத் தின்றுகொண்டிருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. மூங்கில் விசையுடன் மேலெழுகிறது; மீனைக் கவ்வியதும் சட்டென்று உயரும் தூண்டிற்கோலைப் போல. பாட்டு குறிஞ்சித் திணை. பேசுபவள் தலைவி. தன் நலம் அவனோடு அங்கேயே நின்றுவிட்டது என்கிறாள். மருதத்துக்கும் நெய்தலுக்கும் உரிய கருவி ஒன்று மலைநாட்டு மூங்கிலுக்கு உவமையாகும்போது, அக்கருவி எல்லாரும் கண்டறிந்த ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று கொள்வதில் பிழையில்லை. அதைவிட நான் வியப்பது வேறு. ஒரு புலவர் உலகில் நிலைத்தது ஒரு மூங்கிற்கோலின் விசையைச் சரியாகக் கண்டதால்.

அந்த மூங்கில் பின்னர் மேற்கே சென்றது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் மூங்கிலை நீளவாக்கில் கீற்றுகளாகப் பிளந்து, ஆறு கீற்றுகளை ஒட்டி அறுகோணக் கோல் செய்யக் கற்றனர். அதற்குத் தொடக்கத்தில் பயன்பட்டது இந்தியாவிலிருந்து சென்ற மூங்கில். கல்கத்தா மூங்கில் என்பது வணிகப் பெயர். 20ஆம் நூற்றாண்டில் தென்சீனத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர்க் கண்ணாடியிழையும் கரியிழையும் வந்தன.

பொய்யீயும் காட்டுக்கோழியும்

பொய்யீத் தூண்டில் என்று நான் குறிப்பிடுவது எது என்று சொல்லிவிட வேண்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அந்தக் கனம் கயிற்றை இழுத்துச் செல்லும். இம்முறையில் முள்ளின்மேல் கட்டியிருப்பது காற்றிற் பறக்கும் அளவுக்கு எடையற்ற இறகுத் துணுக்கு. அதை எறிய முடியாது. ஆகவே கயிற்றையே கனமாகச் செய்து, அதைத் தலைக்குமேல் முன்னும் பின்னுமாக வீசி, அதன் விசையால் பொய்யீயை நீர்மேல் இறக்குகிறார்கள். ஈயம் வேண்டாத ஈ என்று சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்கள். நீரில் மிதக்கும் ஈயும் உண்டு. நீருக்குள் அமிழும் ஈயும் உண்டு. இவற்றுள் எது நேர்மையான முறை என்று இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டின் வழிவந்தோரும் ஸ்கியூசும் நடத்திய வாதம் நம் சைவ, வைணவ வாதங்களுக்குச் சற்றும் இளைத்ததன்று.

இக்கலை பற்றிய பழைய எழுத்துச்சான்று கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் என்பவருடையது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்தவர் அவர். மாசிடோனிய ஆறு ஒன்றில் வாழும் புள்ளிமீன்களைப் பிடிக்க, முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டுவார்கள் என்று அவர் எழுதியுள்ளார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு பொய்யீகளின் செய்முறையைத் தருகிறது. 1653இல் ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் வந்தது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்ல்ஸ் காட்டன் பொய்யீ பற்றிய பகுதியைச் சேர்த்தார். நம் பக்கத்திலும் ஒரு நூலைச் சொல்லலாம். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம், மன்னருக்குரிய பொழுதுபோக்குகளுள் மீன்பிடித்தலையும் ஒன்றாக வைத்து, மீன்வகைகளையும் அவற்றுக்குரிய இரைகளையும் விரித்துரைக்கிறது. பிடிப்பது உணவுக்கன்று, விளையாட்டுக்கு என்ற எண்ணம் ஆங்கிலேயர் கொண்டுவந்து இறக்கியது என்று சொல்வோர் அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்.

பொய்யீயின் வரலாற்றில் தென்னிந்தியாவின் பங்கு ஒரு பறவையால் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தீபகற்ப இந்தியாவின் பிற காடுகளிலும் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியை நம்மவர் அறிவர். விலங்கியலார் அதற்குப் பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னரா பெயரைச் சூட்டினர். சேவலின் கழுத்திறகுகள் ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகைச் சொட்டவிட்டாற் போன்ற மஞ்சளும் வெண்மையுமான பொட்டு இருக்கும். அப்பொட்டு உண்மையிலேயே தடித்து, விரலால் தடவினால் வழுவழுப்பாக உணரப்படும். பொய்யீ கட்டுவோர் இதைக் கன்னத்தில் வைத்தால் சிறு மீனின் கண்போல் மின்னும். ஜாக் ஸ்காட் என்று பெயர்பெற்ற சால்மன் பொய்யீ இவ்விறகின்றி நிறைவுறாது. இறகுக்கு எழுந்த தேவையால் காட்டுக்கோழிகள் பெருமளவில் பிடிக்கப்பட்டன. பெண்டிர் தொப்பிக்காக எத்தனையோ பறவைகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. 1902இல் இந்திய அரசு காட்டுப்பறவை இறகுகளின் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இதுவும் அத்தடைக்குள் வந்தது. இன்று ஐரோப்பியச் சந்தையில் விற்பவை பெரும்பாலும் வளர்ப்புப் பறவைகளின் இறகுகள்.

ஸ்காட்லாந்து ஆற்றின் கரையில் நின்று ஒருவர் எறியும் முள்ளில் பொள்ளாச்சிக் காட்டுச் சேவலின் கழுத்திறகு இருந்திருக்கலாம். அதைப் பிடித்து விற்றவர் அது எதற்குப் பயன்படும் என்று கேட்டிருப்பாரா? காலனி வணிகத்தில் இப்படிப் பாதி அறிந்தும் பாதி அறியாமலும் இயங்கிய கைகள் பல. மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய நம் முன்னோருள் எத்தனை பேர் மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பார்த்திருப்பர்?

முட்டைகளின் கடற்பயணம்

நீலகிரியின் மேல்தளம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் அளவில் பரந்துகிடக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். 1819க்குப் பின் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் வழியாக அங்கே குடியேறிய ஆங்கிலேயருக்கு அப்புல்வெளியும் பனியும் ஓடையும் தம் நாட்டையே நினைவூட்டின. ஒன்றுதான் குறை. அருவிகளால் கீழ்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட அந்த மேலோடைகளில் தூண்டிலுக்கேற்ற பெரிய மீன் இல்லை. தொதவர் மரக்கறி உண்போர்; எருமையும் பாலும் அவர்தம் வாழ்வு. மீன் இல்லாதது அவர்களுக்கு ஒரு குறையாகப் பட்டிருக்க வழியில்லை. ஓடை வெறுமையாக இருக்கிறது என்ற எண்ணமே வெளியிலிருந்து வந்ததுதான்.

அந்த வெறுமையை நிரப்ப முதலில் முயன்றவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராயிருந்து, பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1875 முதல் வெளியிட்டவர். 1860களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொணர அவர் செய்த முயற்சி வழியிலேயே தோற்றது. காரணம் எளிது. டிரவுட் முட்டை குளிர்ந்த, ஓடும் நீரில்தான் உயிர்தரிக்கும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியோ, எகிப்தைத் தரைவழி கடந்தோ வெப்பக் கடல்களில் வாரக்கணக்காக வர வேண்டும். அன்று சென்னைக்கு வேண்டிய பனிக்கட்டியே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து கடற்கரை ஐஸ் ஹவுஸில் சேமிக்கப்பட்டது என்பதை நினைத்தால் இடர்ப்பாடு விளங்கும்.

அதே பத்தாண்டில் இதைவிட நீண்ட பயணம் ஒன்று வெற்றிபெற்றது. 1864 ஜனவரியில் இலண்டனிலிருந்து புறப்பட்ட நார்ஃபோக் என்னும் கப்பலில், ஈரப்பாசி நிரப்பிய சிறு மரப்பெட்டிகளில் சால்மன் முட்டைகளும் அவற்றோடு சில ஆயிரம் டிரவுட் முட்டைகளும் பனிக்கட்டிக் குவியலுக்கடியில் வைக்கப்பட்டன. ஏப்ரலில் மெல்போர்ன், அங்கிருந்து தாஸ்மேனியா. மே மாதம் அங்கே குஞ்சு பொரித்தது. பெருமுயற்சி சால்மனுக்காக, நிலைத்ததோ இடையில் ஒட்டிக்கொண்டு வந்த டிரவுட். முட்டையைப் பனிக்கட்டியில் உறங்கவைக்கலாம் என்பதை ஜேம்ஸ் யூல் என்பவர் செய்த இந்த ஏற்பாடு உலகுக்கு உறுதிப்படுத்தியது. இதற்குப் பின் கண்வைத்த முட்டை என்னும் கருத்து முதன்மை பெற்றது. கருவுற்ற புதிதில் முட்டை சிறு அதிர்ச்சிக்கும் அழியும். உள்ளே குஞ்சின் கண் இரு கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கியபின் அது உறுதிப்பட்டுப் பயணத்தைத் தாங்கும்.

இலங்கை முந்திக்கொண்டது. 1882இல் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் பழுப்பு டிரவுட் விடப்பட்டது. 1896இல் சிலோன் மீன்பிடிக் கழகம் அமைந்தது. அங்கும் பழுப்பு டிரவுட்டைவிட வட அமெரிக்காவின் வானவில் டிரவுட்டே ஹோர்ட்டன் சமவெளியின் நீரில் தானே பெருகி நிலைத்தது. காசுமீரத்துக்கு 1899இல் வந்த முட்டைகள் அழிந்தன. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன.

நீலகிரியில் வெற்றி வந்தது எச். சி. வில்சன் காலத்தில். சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் மீன்வளத்துறையைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வில்சன் அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர். 1907இல் அவலாஞ்சியில் முட்டை பொரிப்பகம் அமைந்தது. 1823இல் நிகழ்ந்த பெரும் நிலச்சரிவால் பெயர்பெற்ற ஊர் அது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து மீண்டும் செய்தியில் அடிபட்டதும் அதே ஊர். பழுப்பு டிரவுட் அங்கே ஊன்றவில்லை. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து கொண்டுவந்த வானவில் டிரவுட் ஊன்றியது. இப்பணிக்குப் பின்புலமாய் நின்றது 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கம். 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் யார், எப்போது, எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்தது. ஓடை பொதுவாயிருந்த நிலை அத்துடன் மாறியது. உரிமச் சீட்டுப் பெற்றவரே இனித் தூண்டில் போடலாம்.

பொரிப்பகத்தில் நடக்கும் வேலையைச் சற்றே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. முட்டையிடும் பருவத்தில் பெண்மீனைப் பிடித்து, வயிற்றை மெல்ல வருடி முட்டைகளைப் பாத்திரத்தில் இறக்குவர். ஆண்மீனின் விந்தை அதன்மேல் கலந்து, பின் நீர் விடுவர். தட்டுகளில் ஒரே படலமாகப் பரப்பிய முட்டைகளின்மீது குளிர்நீர் இரவும் பகலும் ஓட வேண்டும். 10 பாகை செல்சியசில் குஞ்சு வெளிவர ஒரு மாத அளவு ஆகும். அதற்குள் செத்த முட்டை வெளிறித் தெரியும். அதை நாள்தோறும் பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்து அயல்முட்டைகளையும் கொல்லும். நீர்க்குழாயில் இலை அடைத்தால் ஓரிரவில் எல்லாம் முடிந்துவிடும். நீலகிரியில் இது ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் வரும் குளிர்மாதங்களில் நடப்பது. உறைபனி விழும் விடியலில், பனிநீரில் விரலை விட்டு முட்டை பொறுக்கியவர்கள் அவ்வூர் மக்களே. வில்சனின் பெயர் ஏட்டில் ஏறியது. அவர்களுடைய பெயர் ஏறவில்லை; அவர்கள் தட்டை, வெளிறிய முட்டையை, குஞ்சின் வயிற்றில் தொங்கும் மஞ்சட் பையை எந்தச் சொற்களால் அழைத்தார்கள் என்பதும் ஏறவில்லை. மொழியியலாருக்கு இது சிறிய இழப்பன்று. எமனோ தொதவர் பாடல்களையும் எருமைச் சொற்களையும் 1930களில் அத்தனை நுணுக்கமாகப் பதிந்துவைத்தார். அதே மலையில் அதே ஆண்டுகளில் உருவாகிக்கொண்டிருந்த இத்தொழில்வழக்கைத் தமிழறிஞர் எவரும் கேட்டு எழுதவில்லை.

கூதிரும் பெயரும்

மேலை நூல்கள் டிரவுட் தூண்டிலைப் பேசும்போது பருவத்தை விடாமல் குறிக்கும். இலையுதிர் காலத்தின் பிற்பகுதி அவற்றில் தனி அழகுடையது. நீர் குளிர்ந்து, பூச்சிகள் அருகி, நண்பகலை ஒட்டிய ஓரிரு மணிநேரமே மீன் மேலெழும். பழுப்பு டிரவுட் அப்போது சரளைக் கற்களைக் குடைந்து முட்டையிடச் செல்வதால் பல ஆறுகளில் அதைப் பிடிப்பதற்குத் தடை. இப்பகுதிகளை மொழிபெயர்க்கும்போது நம் மாணவர் இலையுதிர் காலம் என்று எழுதி நிறைவுகொள்கின்றனர். அது பிழையன்று. ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் இலை எந்த மாதத்தில் உதிர்கிறது? நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் பிற்பகல் மழையும் வடிகால் நிரம்புவதுமாகத்தான் வருகின்றன. தமிழ் மரபு அவ்விரு மாதங்களைக் கூதிர் என்றது. தொல்காப்பியம் கூதிரையும் யாமத்தையும் குறிஞ்சிக்குரிய பொழுதுகளாக வகுத்தது, முன்பனியையும் சேர்த்தது. குளிர்காற்று, மலை, ஓடை, காத்திருத்தல் எல்லாம் ஒரே சொல்லுக்குள் முன்பே கூடியுள்ளன. நீலகிரியின் கார்த்திகை மாதத்து ஓடையை எழுத வருபவர் கூதிர் என்று எழுதினால் நிலமும் உடன்வரும். இலண்டன் பூங்காவை எழுதுபவர் இலையுதிர் காலம் என்றே எழுதட்டும்.

மீனின் பெயரில் என் கருத்து வேறு. டகரம் தமிழில் மொழிமுதலாகாது. ஆகவே டிரவுட் என்று எழுதுவது இலக்கண வழு என்று கூறித் தனித்தமிழ்ப் பெயர் ஆக்க வேண்டும் என்பார் உளர். கலைச்சொல்லாக்கத்தை நான் மதிப்பவன். ஆசிரியர் பயிற்சிக்கென்று பட்டியல்கள் செய்தும் கொடுத்திருக்கிறேன். ஆயினும் மலையோடைமீன், குளிர்நீர்க் கெண்டை போன்ற பெயர்கள் ஒரு தீங்கு செய்கின்றன. நாற்பது ஆண்டு கழித்து அச்சொல்லைப் படிக்கும் மாணவன், இம்மீன் என்றும் இங்கே இருந்தது என்று எண்ணிக்கொள்வான். அயற்பெயர் அதன் வரவை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அதிலும் இம்மீனுக்கு அந்நினைவு தேவை. வானவில் டிரவுட்டும் பழுப்பு டிரவுட்டும் உலகின் மிகத் தீங்கான நூறு அயலினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இடம்பெற்றவை. வெறுமை என்று கருதப்பட்ட ஓடைகளில் தவளைகளும் நீர்ப்பூச்சிகளும் சிறுமீன்களும் வாழ்ந்தன, டிரவுட் ஊனுண்ணி.

ஓடைகளே பின்னர் மாறிப்போயின. 1930களில் பைக்காரா மின்திட்டமும் முக்கூர்த்தி அணையும், பின்பு கொழும்புத் திட்டத்தில் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா திட்டமும் நீலகிரியின் நீரை ஏரிகளாகத் தேக்கின. டிரவுட் இன்று வாழ்வது அந்த ஏரிகளிலும் அவற்றுக்கு மேலுள்ள ஓடைகளிலும்.

மூணாறுப் பக்கத்திலும் தோட்டத் துரைமார் இம்மீனை இரவிகுளத்து ஓடைகளில் வளர்த்தனர். அங்கே தேயிலை கிள்ளியோர் நம்மைப் போலவே திருநெல்வேலியும் மதுரையும் விட்டு வந்த தமிழர். இரவிகுளத்தின் உயர்நிலத்தில் பிறக்கும் பாம்பாறு கிழக்கே ஓடி, அமராவதி வழியாகக் காவிரியில் கலக்கிறது. அந்தப் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மீனை 2007இல் அறிவியலார் புதிய இனமாக விவரித்து, சென்னையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரேமாதேவியின் பெயரை அதற்கு இட்டனர். காவிரியின் பெருங்கெண்டையாகிய திமில் மகசீர் என்பதைத் தூண்டிற்காரர் அதற்கு முன்பே நூற்றைம்பது ஆண்டுகளாக அறிவர். சென்னை ஆட்சிப்பணி அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட தூண்டில் நூல் மகசீரைத்தான் கொண்டாடுகிறது. அது டிரவுட்டினும் வலியது என்பது அக்காலத்தவர் பலரின் துணிபு. ஆனால் திமில் மகசீரின் சரியான அறிவியற்பெயர் எது என்பது தெளிவாகாமலே இருந்தது. பாம்பாற்று மீனும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்று 2018இல் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றில் அணைகள் எழுந்தன; வெடிவைத்து மீன்பிடித்தனர்; 1970கள் முதல் மேற்கிந்தியப் பொரிப்பகத்திலிருந்து வேறொரு மகசீர் இனத்தை நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து காவிரியில் விட்டனர். ஸ்காட்லாந்து மீனின் ஒவ்வொரு முட்டைக்கும் கப்பலும் பனிக்கட்டியும் பதிவேடும் இருந்த நாட்டில், சொந்த ஆற்றின் பெருமீனுக்கு ஒரு பெயர் உறுதியாக இத்தனை காலம் ஆயிற்று.

அதன் உறவினம் நம் நாட்டிலும் உண்டு. பகாங் தாமான் நெகாராவின் தாஹான் ஆற்றிலும் திரங்கானு கென்யிரிலும் வாழும் கெலா, மகசீரின் பேரினத்தைச் சேர்ந்ததே. கென்யிரின் பெத்தாங் ஆற்றுச் சரணாலயத்தில் அதைப் பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும் என்பது விதி. நாமும் அதைக் கெலா என்றே சொல்கிறோம்; வேறு பெயர் வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் மாணவரிடம் தரக்கூடிய வேலை ஒன்று இங்கே இருக்கிறது. ஈழத்திலும் தமிழகக் கடற்கரையிலும் தூண்டில் நரம்பைத் தங்கூசி என்பர். மலாயில் அது தாங்சி. ஒலி ஒப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஆனால் நைலான் வருவதற்கு முன் இந்நரம்பு பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து இழுக்கப்பட்டுக் கடல்வழியாக விற்கப்பட்ட பொருள் என்பதைச் சேர்த்து எண்ணினால், ஆராயத் தகுந்த சொல் அது. பழைய தோட்டங்களில் வாய்க்காலிலும் ஈயக் குட்டையிலும் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் கிள்ளானிலும் பந்திங்கிலும் இன்னும் இருக்கிறார்கள். தக்கையை, முள்ளை, இரையை, நரம்பை அவர்கள் எப்படி அழைத்தார்கள், எங்கே மலாய்ச் சொல்லை எடுத்தார்கள், எங்கே தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதலாம். கடன் ஒருவழிப் பாதையன்று. வார இறுதிகளில் கட்டணம் செலுத்தி மீன்பிடிக்கச் செல்லும் இடங்களின் பலகையில் கோலாம் பஞ்சிங் என்று எழுதியிருக்கிறது. அதிலுள்ள கோலாம், நம் குளம்.